முட்டை வண்டியின் மூன்றாவது பலகை

அக்கா, இந்தக் கதையைக் கேட்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீங்க. அதற்கு நான் கேரண்டி. ஆனால் இப்போதே சிரிக்கக் கூடாது. சிரிப்பு கடைசியில்தான் வரும். அந்த இடம் வந்ததும் நானே சொல்கிறேன். அதுவரை அந்த ஸ்டூலில் உட்காருங்க. ஒரு கால் கொஞ்சம் ஆடும். அந்தக் காலை அறுத்தது நான், கண்டுக்காதீங்க.

உங்க பஸ்ஸை ரிப்பேர் பண்ண எப்படியும் நேரம் ஆகும். நாக்பூர் தாண்டி ஒரு தாபா, அதைச் சுற்றி இத்தனை லாரி, இதற்கு நடுவில் டிஎன் 28 நம்பரைப் பார்த்துவிட்டு "நாமக்கல்லா?" என்று தமிழில் கேட்டுக்கொண்டு ஒரு ஆள் வந்தால் நான் விடுவேனா? ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அப்பாவையும் அம்மாவையும் தவிர எனக்கு ஆடியன்ஸே கிடையாது. அவங்க ரெண்டு பேரும் நல்ல ஆடியன்ஸும் கிடையாது.

மெதுவாகப் பேசலாம். அம்மா உள்ளே படுத்திருக்கிறாள். முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். "மூணு விசில் வந்ததும் குக்கரை நிறுத்துடி" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தாள். நீங்களும் கொஞ்சம் காதை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்க. நான் வாயைத் திறந்தால் என் காது மூடிக்கும். அப்பா அதோ, காற்றடிக்கிற மெஷின் பக்கத்தில் பச்சை லுங்கி. கையில் டீ கிளாஸோடு சர்தார்ஜி ஒருத்தர்கிட்ட ஹிந்தியில் அளக்கிறாரே, அவர்தான். பேர் சென்னியப்பன். அந்த வாய் இப்போதைக்கு ஓயாது.

என் பேர் மௌனிகா. பரவாயில்லை, இதுக்குச் சிரிச்சுக்கோங்க, இது கணக்கில் வராது. பேர் வைத்தபோது அவங்களுக்கு என்ன தெரியும், பாவம்.

எனக்கு ஒரு வரம் இருக்கிறது. எந்தக் குரலை ஒரு தடவை கேட்டாலும் அது என் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கேஸ் போடுகிற அண்ணன், டவுன் பஸ் கண்டக்டர், எங்க ஹெட்மிஸ்ட்ரஸ், எல்லாரும் உள்ளே குடியிருக்கிறார்கள். பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் ப்ரேயர் மைக்கில் ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில், "மாணவிகளே, இன்று மதியம் விடுமுறை" என்றேன். பள்ளிக்கூடமே பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடியது. பின்னாலேயே நிஜ ஹெட்மிஸ்ட்ரஸ் மைக்கைப் பிடுங்கி, "ஒருத்தரும் போகக் கூடாது!" என்று கத்தினார். எல்லாரும் திரும்பிப் பார்த்து, "மௌனி, போதும்டி" என்றார்கள். அப்பேர்ப்பட்ட குரல். எங்க குடும்பத்தில் வேறு யாருக்கும் இது கிடையாது. அப்பாவுக்கு ஒரே குரல், ஹாரன் மாதிரி. அம்மா வசந்தாமணி பேசுவதே அபூர்வம். எனக்கு எங்கிருந்து வந்ததோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

வண்டிக் கதைக்கு வருகிறேன். இது முட்டை வண்டி அக்கா. பண்ணையிலிருந்து கடை கடையாக முட்டை போட்ட வேன். மூக்கை இந்தக் கதவு ஓரம் வைத்துப் பாருங்க. வருதா? எத்தனை பினாயில் ஊற்றிக் கழுவினாலும் மழை வந்தால் ஆம்லெட் வாசனை அடிக்கும். அப்பா இருபது வருஷத்துக்கு மேல் லாரியில் இந்தியா முழுக்கச் சுற்றினவர். அம்மா பவானி கூடுதுறையைத் தாண்டியது இல்லை. போனில் "இப்ப நாக்பூர், ஒரே ஆரஞ்சு", "இப்ப கவுகாத்தி, ஒரே மழை" என்று அவர் சொல்லச் சொல்ல, அம்மா ஆரஞ்சையும் மழையையும் எங்க வீட்டு அடுப்படியில் நின்றே பார்த்தவள். லாரியை விற்றதும் உன்னைக் கூட்டிக்கொண்டு ஒரு வருஷம் சுற்றுவேன் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். விற்றார். இதை வாங்கினார்.

அப்புறம் பாருங்க. பாடி கட்டுகிற ஷெட்டில் கொண்டுபோய் விட்டார். தரைக்கு, கால் வழுக்காத செக்கர் பிளேட். மேலே சோலார் தகடு, கீழே பேட்டரி, தண்ணித் தொட்டி, கைகழுவ ஒரு சின்னத் தொட்டி, சிலிண்டரைக் கட்டிவைக்கச் சங்கிலி. வெயில் இறங்காமல் இருக்கத் தகரத்துக்கு அடியில் தெர்மாகோல். தெர்மாகோல் தீர்ந்துபோன இடத்தில் முட்டை அட்டை! நிமிர்ந்து பாருங்க, என் தலைக்கு மேல் வருகிற பாகம் மட்டும் முழுக்க முட்டை அட்டை.

படுக்கப் பலகை எத்தனை? ரெண்டு.

ரெண்டுதான் அக்கா. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. எனக்கு ஈரோட்டில் காலேஜ், ஹாஸ்டல், இரும்புக் கட்டில். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. "நீ படிக்கோணும் சாமி, நாங்க வாரா வாரம் போன் பண்றோம்" என்றார் அப்பா. நான் என்ன செய்தேன்? அப்பா குரலிலேயே, "இப்ப கவுகாத்தி, ஒரே மழை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

நிஜத்தைச் சொன்னால், உள்ளுக்குள் நான் நினைத்தது வேறு. போன் வழியாக ஒரு அப்பாவை இத்தனை வருஷம் பார்த்தாகிவிட்டது. இனி அம்மாவும் போனுக்குள் போய்விட்டால்?

எங்க தெருவைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். முழுக்க லாரிக்காரர்கள் வீடு. லோடு ஏற்றிக்கொண்டு லைனுக்குப் போனால் திரும்பி வர மாசக்கணக்கில் ஆகும். வீட்டில் ஆம்பிளை இல்லை என்று வெளியே தெரியக் கூடாதென்று எல்லா வீட்டு வாசலிலும் ஒரு ஜோடி பெரிய செருப்பு கிடக்கும், கொடியில் ஒரு சட்டை தொங்கும். யாரும் போடாமலே, துவைத்துத் துவைத்துக் கிழிந்த சட்டை எங்க ஊரில் மட்டும்தான் பார்க்கலாம். எனக்கு ஆறு வயசு இருக்கும். சாயங்காலம், பின்னால் கொய்யா மரத்தடியில் விளையாடிக்கொண்டிருக்கிறேன். யாரோ வாசல் கதவைத் தட்டினார்கள். உள்ளேயிருந்து அப்பா குரல், "யாருய்யா அது?" என்று ஒரு அதட்டல். அப்பா வந்துட்டார்! ஓடினேன். கதவுக்குப் பின்னால் அம்மா மட்டும் நிற்கிறாள். "அப்பா எங்கம்மா?" என்றேன். "இப்பத்தான் சாமி வந்துட்டுப் போனாரு. லோடு அவசரம்" என்றாள். வந்த மனுஷன் என்னைப் பார்க்காமலே போய்விட்டார். அடுத்த தடவை அவர் வந்தபோது நான் பேசவே இல்லை. பொம்மை வாங்கி வந்திருந்தார், தொடவும் இல்லை. ஏன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. நானும் கேட்டதில்லை.

விடுங்க, அது சிரிப்புக் கதை இல்லை. இதுதான் சிரிப்புக் கதை. என்ன அக்கா அப்படிப் பார்க்கறீங்க?

பலகை போடுகிறவர் மாரப்ப ஆசாரி. ஆளை நேரில் பார்த்தால் பேசவே மாட்டார். எப்போதும் வாய் நிறைய ஸ்க்ரூ. "பலகை கனமா இருக்குமாங்க?" என்றால் "ம்." "லேசாப் போடலாமாங்க?" என்றால் அதுக்கும் "ம்." ஸ்க்ரூவைத் துப்பினால்தானே பேச முடியும்? அப்போது அப்பா, லாரியை வாங்கினவருக்காகக் கடைசியாக ஒரு லோடு ஏற்றிக்கொண்டு அஸ்ஸாமில் இருந்தார். ஷெட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வது அம்மா. எனக்குப் பளிச்சென்று பல்பு எரிந்தது. அப்பா குரலில் ஆசாரிக்குப் போன் போட்டு மூணாவது பலகை போடச் சொல்லிவிட்டால்? போட்ட பலகையை யார் பிரிப்பார்கள்?

அம்மாவிடம் போய், மூஞ்சியை அப்பாவி மாதிரி வைத்துக்கொண்டு, "அம்மா, ஆசாரி நம்பர் என்ன? பலகை கலர் கேக்கணும்" என்றேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். அப்புறம் கடகடவென்று வாயாலேயே நம்பரைச் சொன்னாள். பயணத்துக்கென்று ஒரு புது சிம் வாங்கியிருந்தாள், அவள் நம்பரே அவளுக்கு மனப்பாடம் ஆகாமல் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசாரி நம்பர் மட்டும் எப்படித் தெரிந்ததோ.

சிரிக்காதீங்க அக்கா. இன்னும் அந்த இடம் வரவில்லை.

மொட்டை மாடிக்குப் போனேன். தொண்டையைச் செருமினேன். "ஹலோ, ஆசாரியா? சென்னியப்பன் பேசறேன். நம்ம போன்ல சார்ஜ் இல்ல, இது வேற போனு."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுகிற சத்தம். அப்புறம் ஒரு இருமல். "க்ஹும். ஏனுங்க சென்னியப்பண்ணா. சொல்லுங்க, சொல்லுங்க."

குரலா அது! உடைந்த மரத்தை ரம்பத்தில் இழுத்த மாதிரி. நேரில் வாயே திறக்காத மனுஷன், போனில் என்னமாய்ப் பேசுகிறார்!

"பலகை ரெண்டு சொன்னேனல்ல? அத மூணாப் போட்ரு."

"மூணாங்க? போறது நீங்களும் அக்காவும்தானுங்களே?"

"பொண்ணும் வருது."

"அட! பொண்ண ஈரோட்டுல சேக்கறதாக் கேள்விப்பட்டனுங்க."

"அதெல்லாம் மாத்தியாச்சு. நீ சொன்னதச் செய்."

"செய்யறனுங்க. ஆனாப் பாருங்க, அந்தப் புள்ள பாத்தரம் கழுவுங்களா? வண்டியில ஆளு அதிகமானா வேல அதிகமுங்க."

ஆசாரிக்கு எதுக்கு இந்தக் கவலை என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் பேரத்தில் நிற்கும்போது யோசிக்கக் கூடாது. "கழுவும், கழுவும். பாத்தரம் முழுக்க அவதான்" என்றேன்.

"தண்ணி புடிக்கறது?"

"அவதான்."

"அந்தக் கக்கூஸ் கேனு ஒண்ணு வெக்கறமுங்களே, அதக் கொட்டறது?"

அக்கா, அந்த இடத்தில் அப்பா குரல் லேசாக நடுங்கியது. "அதுவும்... அவதான்."

கீழே எங்க வீட்டுக் குக்கர் விசிலடித்தது. போனுக்குள்ளேயும் உஸ்ஸென்று ஒரு சத்தம். ஷெட்டில் கம்ப்ரசர் போட்டிருப்பார்கள் போல. ரெண்டும் ஒரே நேரம்! நல்லவேளை, அந்தச் சத்தத்தில் அவருக்கு என் நடுக்கம் கேட்டிருக்காது.

இப்போது பாருங்க கொடுமையை. வண்டி கிளம்பின அன்றைக்கே அம்மா வேலை பிரித்தாள். எனக்கு எது? பாத்திரம், தண்ணி, கேன். இந்த உலகத்தில் எத்தனை வேலை இருக்கிறது! எப்படித்தான் அந்த மூன்றையும் பொறுக்கி எடுத்தாளோ!

ஏன் முந்தானையை வாயில் வைத்து அடைக்கறீங்க? சிரிப்பு வருகிற இடம் இது இல்லை. இது சோகமான இடம்.

ரெண்டாவது தடவை போன் பண்ணினபோது ஆசாரி இன்னும் வம்பாகப் பேசினார். "அண்ணா, உங்க பொண்ணு ஆளுக்கொரு குரல்ல பேசி ஊரையே ஏமாத்துதாமா? அப்படியாப்பட்ட புள்ளையக் கூட்டிட்டுப் போனாத் தொந்தரவுங்களே. ஆஸ்டல்லயே உட்டுட்டுப் போனா என்னங்க?"

எனக்குச் சுருக்கென்றது. அப்பா குரலில்தான் பேசிக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்குமேல் என்ன பேசினேன் என்று எனக்கே பிடிபடவில்லை. "இல்ல ஆசாரி," என்றேன். "அது பொறந்ததுல இருந்து நான் ரோட்டுலதான் இருக்கறன். அது நடக்க ஆரம்பிச்சதப் போன்லதான் கேட்டேன். அது பேசறது வெளையாட்டா இருக்கும். உள்ளுக்குள்ள பயம். ஆரும் இல்லாத வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் அது தெரியும். இந்தத் தடவையும் உட்டுட்டுப் போனா, அப்பறம் அது நம்மளத் தேடவே தேடாது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"ஆசாரி? என்னாச்சு?"

"ஒண்ணுமில்லீங்க," என்றார் கரகரவென்று. "மரத்தூளுங்க. கண்ணுல."

பாவம், அந்தத் தொழிலே அப்படித்தான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆசாரியையே அழவைத்த குரல்! மறுநாள் ஷெட்டுக்குப் போய் வெல்டிங் அண்ணன்கள் நாலைந்து பேரை நிறுத்தி, "க்ஹும். ஏனுங்க, சொல்லுங்க, சொல்லுங்க" என்று ஆசாரி குரலைப் போட்டுக் காட்டினேன். ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. "இது ஆரு பாப்பா?" என்றார்கள். "உங்க மாரப்ப ஆசாரிதான்" என்றேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்தாள் கூடவே வருஷக்கணக்கில் வேலை செய்கிறார்கள், அவர் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியவில்லை. வெல்டிங் சத்தத்தில் காது போய்விட்டது போல.

மூணாவது போன்தான் முக்கியம். அப்பா மறுநாள் காலையில் ஊருக்கு வருகிறார். பலகை இன்னும் ஏறவில்லை. நான் பதறிப் போன் போட்டேன். "ஆசாரி, இன்னைக்கே அந்தப் பலகைய முடிச்சாகணும்."

"அண்ணா, இன்னைக்கு வேண்டாமுங்க. பின்னால எடது பக்க டயரக் கழட்டிப் பஞ்சர் கடைக்கு அனுப்பியிருக்குது. வண்டி மரக்கட்ட மேல ஒருசாஞ்சு நிக்குது. ரசமட்டம் வெச்சுப் போட்டாக்கூட நாளைக்கு டயர் மாட்டினதும் பலக சாஞ்சுக்கும். அப்பறம் அந்தப் புள்ள உருளுங்க."

"உருண்டா உருளட்டும்!" என்றேன். அப்பாவின் ஹாரன் குரலில். "நான் சொல்றன், இன்னைக்கே போடு!"

"உருளட்டுமுங்களா?"

"உருளட்டும்!"

"க்ஹும். ஆகட்டுங்க. உங்க வாயாலயே சொல்லீட்டீங்க."

போட்டார். ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் நிற்க, அம்சமாகப் போட்டார். மறுநாள் டயரை மாட்டினார்கள். வண்டி நேரானது, என் பலகை சாய்ந்தது. அதோ பாருங்க, மேலே குறுக்கே, முட்டை அட்டைக்குக் கீழே. இங்கிருந்து பார்த்தாலே தெரிகிறது இல்லையா? தினமும் நான் உருண்டு நேராக அம்மா மேல் விழுகிறேன். எல்லா டிரைவரும் வண்டியைப் போட மட்டமான இடம் தேடுவார்கள். எங்கப்பா மட்டும் ஊர் ஊராகப் பள்ளம் தேடுகிறார். பின் இடது டயர் பள்ளத்தில் இறங்கினால்தான் என் பலகை நேராகும். அப்போது அவங்க ரெண்டு பேரும் சாய்ந்துவிடுவார்கள். சாய்ந்தே தூங்குகிறார்கள், பாவம்.

அப்பா வந்ததும் என்ன செய்தார் என்று கேளுங்க. வண்டிக்குள் ஏறினார். நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார். அம்மா முட்டை அட்டையை எண்ணுகிற மாதிரி கூரையைப் பார்த்தாள்.

"என்ன வசந்தா, மூணு இருக்குது?"

"ஆசாரி போட்டுட்டாருங்க."

அப்பா தாடையைச் சொறிந்தார். வாயை ஒரு மாதிரி கோணிக்கொண்டார். "செரி, போட்டாச்சு. இனிப் பிரிச்சா பிளைவுட்டு பாழாப் போயிரும். ஈரோடு எங்க ஓடிப் போவுது? அடுத்த வருஷம் சேந்துக்கட்டும்."

எப்படி! ஒரு பிளைவுட் பலகை வீணாகிவிடக் கூடாதென்று ஒரு வருஷப் படிப்பைத் தள்ளிவைத்தவர்களை நீங்க பார்த்திருக்கவே மாட்டீங்க. அப்பேர்ப்பட்ட அப்பாவிகள். அவங்களுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. ஆசாரிக்கும் தெரியாது. நாங்கள் கிளம்பினபோது அவர் கையைப் பிடித்து, "போன்ல நல்லாப் பேசுனீங்க, நன்றிங்க" என்று அப்பா சார்பில் சொன்னேன். அவர் திருதிருவென்று முழித்தார். வாயில் அன்றைக்கும் ஸ்க்ரூ.

ஏன் அக்கா கண்ணைத் துடைக்கறீங்க? அழறீங்களா, சிரிக்கறீங்களா? இன்னும் சொல்லவே இல்லையே நான். சிரிப்பு வருகிற இடம் எதுவென்றால், இத்தனை பேரை ஏமாற்றினேனே, அந்த ஆசாரி மட்டும் இப்போது இங்கே வந்து நின்றால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்க...

இருங்க. அது என்ன சத்தம்? குக்கரா? எத்தனையாவது? பார்த்தீங்களா, என் காது மூடிவிட்டது என்று சொன்னேன் இல்லையா? ஆனால் வேடிக்கை பாருங்க, ஆசாரி போனில் பின்னால் கேட்குமே கம்ப்ரசர், அது அச்சு அசலாய் இப்படித்தான்...

"க்ஹும்."

அக்கா, நீங்க இருமினீங்களா?

"ஏனுங்க சென்னியப்பண்ணா. அஞ்சு விசில் ஆயிருச்சுங்க. சோறு கொழஞ்சிருச்சு. அந்தப் புள்ளைய அடுப்ப நிறுத்தச் சொல்லுங்க."

நான் இல்லை. என் வாயைப் பாருங்க, மூடித்தான் இருக்கிறது. உள்ளே... உள்ளே அம்மா மட்டும்தானே... ஆசாரி நம்பர்... புது சிம்... பாத்திரம், தண்ணி, கேன்... "உருளட்டுமுங்களா?"...

அய்யோ. மரத்தூள்.

"அம்மா?"

"யாருய்யா அது?"

அப்பா அங்கே நிற்கிறார், அக்கா. பச்சை லுங்கி. டீ கிளாஸ். அந்தக் குரல் வண்டிக்குள்ளிருந்து வருகிறது. துண்டுக்கு அடியிலிருந்து.

அப்படியென்றால் அன்றைக்குச் சாயங்காலம்... கதவுக்குப் பின்னால்... அப்பா வரவே இல்லை. வந்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போகவே இல்லை.

சிரிங்க அக்கா. இப்போது சிரிக்கலாம். இதுதான் அந்த இடம்.